லண்டன் அண்டர்கிரவுண்ட் பத்தி கேளுங்க, சொல்றேன்

கேள்வி: உலகத்துலயே முதல் சுரங்க ரயில் லண்டன்தானா? கரண்ட் இல்லாம எப்படி ஓட்டினாங்க?

ஆமா. 1863 ஜனவரி 10, பாடிங்டன்ல இருந்து ஃபாரிங்டன் வரைக்கும். நீராவி இன்ஜின்தான். ரோட்டைத் தோண்டி, பள்ளத்துல தண்டவாளம் போட்டு மேல மூடினாங்க, அதனாலதான் அந்தப் பழைய பாதை அவ்ளோ ஆழம் இல்ல, புகை போக நடுநடுவுல திறந்தும் விட்டாங்க. இதுக்காக வருஷக்கணக்கா அலைஞ்சவர் சார்லஸ் பியர்சன்ங்கற வக்கீல், நெரிசல்ல கிடக்குற ஏழைங்க ஊருக்கு வெளிய நல்ல வீட்ல இருந்து வேலைக்கு வந்து போகணும்னு ஆசைப்பட்டவரு, ரயில் ஓடறதுக்கு சில மாசம் முன்னாடி 1862ல செத்துப்போயிட்டாரு. எனக்கு அது இன்னும் மனசு ஆறல. ஆழமா குடைஞ்சு கரண்ட்ல ஓடினது 1890ல, ஸ்டாக்வெல் லைன்.

கேள்வி: அண்ணா, பேய் ஸ்டேஷன் எங்க இருக்கு?

மூடின ஸ்டேஷன்னு கேளுங்க. ஆல்ட்விச் 1907ல திறந்து 1994ல மூடினது, லிஃப்ட் மாத்துற செலவுக்கு ஏத்த கூட்டம் இல்ல. டவுன் ஸ்ட்ரீட் 1932ல மூடி, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ரயில்வே நிர்வாகக் குழு உள்ள இருந்து வேலை பாத்துச்சு, சர்ச்சிலும் அங்க தங்கியிருக்காரு. பாக்கணும்னா லண்டன் டிரான்ஸ்போர்ட் மியூசியம் நடத்துற டூர்ல போங்க. வேலி தாண்டி இறங்காதீங்க, தண்டவாளத்துல 600 வோல்ட்டுக்கு மேல ஓடுது.

கேள்வி: லெஸ்டர் ஸ்கொயர்ல இருந்து கோவென்ட் கார்டன் போக எந்த ட்ரெயின்?

நடங்க. 300 மீட்டர்கூட இல்ல. ஹாரி பெக் வரைஞ்சு 1933ல வந்த அண்டர்கிரவுண்ட் மேப், தூரத்தைக் காட்டவே வரைஞ்சதில்ல. மேப்பைப் பாத்து தூரம் கணக்கு போடாதீங்க.

கேள்வி: தெற்கு லண்டன்ல மட்டும் ஏன் டியூப் (அண்டர்கிரவுண்ட் ரயில்) கம்மி?

வடக்குல களிமண், குடைய சுலபம். தெற்குல பல இடத்துல தண்ணி ஊறின மணல். ஆனா பெரிய காரணம், தெற்குல ஏற்கனவே மத்த ரயில் கம்பெனிங்க ஊர் பூரா லைன் போட்டு வச்சிருந்தாங்க.

கேள்வி: நான் சிவில் இன்ஜினியர். அந்தக் காலத்துல ஈர மணல்ல குடையறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? மண்தான் காரணம்.

கஷ்டம்தான் சார், இல்லைன்னு சொல்லல. ஆனா 1926ல டியூப்பைத் தெற்குல மார்டன் வரைக்கும் நீட்டினாங்களே, டூட்டிங்ல இருக்கற நம்ம ஆளுங்க தினம் ஏறுறது அந்த லைன்தான். அதை இன்னும் தெற்கே சட்டன் வரைக்கும் கொண்டுபோற யோசனை இருந்துச்சு, அங்க மேல ரயில் ஓட்டிட்டு இருந்த சதர்ன் ரயில்வே கம்பெனி எதிர்த்துச்சு, கடைசில பேசி முடிச்சு டியூப் மார்டன்ல நின்னுடுச்சு, விம்பிள்டன்-சட்டன் பாதையை சதர்ன் போட்டுக்கிச்சு. அங்க தடுத்தது மண்ணா?

கேள்வி: செலவு கூடறதுக்கே மண்தானே சார் காரணம்?

கூட்டுச்சு, சரி. ஆளு ஏறுவாங்கன்னு நம்பிக்கை இருந்தா எவ்ளோ செலவானாலும் பணம் போட யாராவது வந்திருப்பாங்க. தெற்குல அந்த ஆளு ஏற்கனவே வேற ரயில்ல உக்காந்திருந்தான், 1920கள்ல சதர்ன் அந்த லைனை எல்லாம் வரிசையா கரண்டுக்கும் மாத்திட்டே இருந்துச்சு. இதுல நான் மாற மாட்டேன்.

கேள்வி: ஆய்ஸ்டர் கார்டு (டிக்கெட்டுக்குப் பணம் போட்டு வைக்கற கார்டு) ரீஃபண்ட் எப்படி வாங்கறது?

டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து நிர்வாகம்) வெப்சைட்ல பாருங்க.

கேள்வி: பேங்க்கும் மான்யுமென்ட்டும் ஒரே ஸ்டேஷனா?

உள்ளயே போயிடலாம், நடை நீளம். மேப்பை நம்பாதீங்கன்னு மேலயே சொல்லிட்டேன்.

கேள்வி: பிரிட்டிஷ் மியூசியம் ஸ்டேஷன்ல மம்மி ஆவி, பெத்னல் கிரீன்ல அழுகை சத்தம், உண்மையா?

மறுபடியும் பேயா? பிரிட்டிஷ் மியூசியம் 1933ல பக்கத்துல ஹோபர்ன் இருந்ததால மூடினது, அவ்ளோதான். பெத்னல் கிரீன் பத்தி அப்படிப் பேசாதீங்க. 1943 மார்ச் 3 ராத்திரி, ரயிலே வராத, கட்டி முடிக்காத அந்த ஸ்டேஷனை பதுங்குமிடமா வச்சிருந்தாங்க. சைரன் கேட்டு ஜனங்க இறங்கிட்டு இருக்கும்போது பக்கத்து பார்க்குல புது ரக விமான எதிர்ப்பு ராக்கெட்டை விட்டாங்க, சத்தத்துல எல்லாரும் ஒரேடியா இறங்க, இருட்டு, ஈரப்படி, நடுவுல கைப்பிடி கிடையாது, ஒரே வாசல், ஒருத்தங்க தடுக்கி விழ மேல மேல விழுந்து 173 பேர் மூச்சு முட்டி செத்தாங்க, அதுல 62 பேர் குழந்தைங்க. அன்னிக்கு அங்க ஒரு குண்டும் விழல. வாசலைச் சரிபண்ண உள்ளூர் கவுன்சில் முன்னாடியே பணம் கேட்டுச்சு, அரசாங்கம் குடுக்கல. எந்த இடம்னுகூட அப்போ பேப்பர்ல போட விடல. அந்தக் குடும்பங்க பக்கத்துலயே இருக்கு, வாசல் பக்கத்துல நினைவுச்சின்னமும் இருக்கு. பேய்க் கேள்விக்கு இனி பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஏன் உள்ள அவ்ளோ சூடு?

பிரேக், மோட்டார், ஜனங்க விடற சூட்டை களிமண் நூறு வருஷத்துக்கு மேல வாங்கி வச்சிருக்கு, இனி வாங்க இடமில்ல. ஆழமான லைன்ல ஏசி போட்டா அந்தச் சூட்டை வெளிய தள்ளவும் இடுக்கு இல்ல. வெயில் காலத்துல ஏசி வேணும்னா டிஸ்ட்ரிக்ட், மெட்ரோபாலிட்டன், சர்க்கிள் லைன்ல ஏறுங்க.