அம்மாவைத் தாதிமை இல்லத்தில் சேர்த்தால் அவர் விருப்பப்படி வாழ முடியுமா?

கேள்வி: 78 வயது அம்மாவைச் சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில் சேர்க்கப் போகிறோம். இதுவரை யார் சொல்லுக்கும் கட்டுப்படாமல் வாழ்ந்தவர். அங்கே அவருடைய விருப்பங்கள் என்னவாகும்?

என் அம்மா தோ பாயோ வீட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, இல்லத்துக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய விருப்பத்தில் முதலில் கைவைத்த ஆள் நான்தான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சேர்க்கைப் படிவத்தில் உணவு என்ற கட்டத்தில் ‘சைவம்’ என்று எழுதிவிட்டேன். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் சைவம். மற்ற நாள்களில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. சக்கர நாற்காலியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வாரம் பருப்பும் முட்டைகோசும் சாப்பிட்டார். இல்லத்தின் சட்டமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டியின் தட்டில் ஒருநாள் குனிங் மீனைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. “சைவம் என்று எழுதச் சொல்லி உன்னை யார் கேட்டது?” என்றார். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

ஆகவே படிவத்தை வரிவரியாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை எழுதுங்கள். ஊழியர்கள் பெரும்பாலும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள். அப்போது நீங்கள் அம்மாவின் முகத்தைப் பாருங்கள். அடுத்த கேள்வி தானாக அவரிடம் போய்விடும்.

சட்டமும் அம்மா பக்கம்தான் இருக்கிறது. 2008இல் நிறைவேறிய மனத்திறன் சட்டத்தின்படி, திறன் இல்லை என்று உறுதியாகும்வரை ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். எடுத்த முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதை மட்டும் வைத்துத் திறன் போய்விட்டதாகச் சொல்லவும் கூடாது. சர்க்கரை நோயோடு கேசரி கேட்கும் என் அம்மாவுக்காகவே எழுதிவைத்தது போல எனக்குத் தோன்றும்.

எல்பிஏ எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரத்தை இப்போதே செய்துவிடுங்கள். தெளிவாக இருக்கும்போது அம்மா தாமே ஒருவரை நியமிக்கிறார். அவர் முடிவெடுக்கும் திறனை இழந்த பிறகுதான் அந்த ஆளின் அதிகாரம் தொடங்கும். பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்தே எல்லாம் நம் பொறுப்பு என்று எங்கள் அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார், வழக்கறிஞர் திருத்தினார். அம்மா நியமித்தது அண்ணனையோ என்னையோ அல்ல, கடைசித் தங்கையை. எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது, மறைப்பானேன். மருத்துவம் பற்றிய விருப்பங்களை முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் தனியாகப் பதிந்துவைக்கலாம். அது சட்ட ஆவணம் அல்ல. ஆனால் அம்மாவால் பேச முடியாத நிலையில் மருத்துவர்களுக்கு அது வழிகாட்டும்.

மானியம் பெறும் இல்லங்களுக்கு மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியர் வழியாக ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கு விண்ணப்பிக்கலாம். இல்லத்தைப் பார்க்கப் போனால் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஊட்டிவிடுபவர் கரண்டியை நீட்டும் முன் ஏதாவது பேசுகிறாரா? உடை மாற்றும்போது திரையை இழுத்து மூடுகிறார்களா? ஆறு பேர், எட்டுப் பேர் சேர்ந்திருக்கும் அறையில் தனிமை என்பது அந்தத் துணித் திரைதான்.

எல்லாம் நாம் நினைத்தபடி நடக்காது. குளியல் நேரத்தை மாற்றக் கேட்டுப் பார்த்தேன். அது ஊழியர்களின் பணிமுறை மாற்றத்தோடு பின்னிக் கிடக்கிறது, முடியவில்லை. எண்ணெய் விளக்குக்கும் அனுமதி இல்லை, நியாயம்தான். பேட்டரி விளக்கு வாங்கிப் போனேன். “பொய் விளக்குக்கு எதற்குக் கும்பிடு?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, முருகன் படத்துக்குப் பூ மட்டும் போதும் என்றார். சிராங்கூன் சாலையில் இரண்டு முழம் மல்லிகை வாங்குவது இப்போது என் வாராந்தர வேலை. ஒரு முழம் முருகனுக்கு, இன்னொன்று அம்மாவின் தலைக்கு.

மொழியைப் பற்றித்தான் அதிகம் பயந்தேன். தாதிகளில் மியன்மார்க்காரர்களும் பிலிப்பினோக்களும் இருக்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். ‘வலிக்கிறது’, ‘கழிப்பறை’, ‘பிறகு வாருங்கள்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் அட்டைகள் எழுதிக் கட்டிலருகே தொங்கவிட்டேன். ‘பிறகு வாருங்கள்’ அட்டைதான் அதிகம் நைந்திருக்கிறது. சீனப் பாட்டியோடு பேச அட்டையே தேவைப்படவில்லை. இருவருக்கும் அந்தக்காலச் சந்தை மலாய் தெரியும்; இருவரும் சேர்ந்து மருமகள்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

உங்கள் அம்மா கொஞ்சமாவது நடமாடுபவர் என்றால், இல்லத்துக்கு முன் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகளையும் பாருங்கள். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானவை. முதலில் புக்கிட் பாத்தோக்கில் 2021இல் 160 வீடுகள் விற்பனைக்கு வந்தன. சிறிய வீடுதான், ஆனால் கதவைச் சாத்திச் சாவியைத் தாமே வைத்துக்கொள்ளலாம், அவசரத்துக்கு 24 மணி நேரமும் ஆள் உண்டு. எங்களுக்கு அந்த வாய்ப்பு கடந்துபோயிருந்தது.

ஒரு சுருக்குப்பையில் இரண்டு வெள்ளி (டாலர்) நோட்டுகள் சிலவற்றைக் கொடுத்துவையுங்கள். வெளியே கூட்டிப் போகும்போது அம்மா தம் கையாலேயே பணத்தை நீட்டி, ‘தே ஓ கோசோங்’ என்று சொல்லி, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வாங்குகிறார். நான் கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறார்.

இந்த ஞாயிறு என்ன கொண்டுவரட்டும் என்று நேற்று தொலைபேசியில் கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமை பிங்கோ இருக்கிறது. நீ சனிக்கிழமை வா” என்றார்.