கேஸ் தீராது, கசியும்

கேள்வி: ஏ.சி. சர்வீஸுக்கு வருகிறவர்கள் வருஷா வருஷம் 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்று காசு வாங்குகிறார்கள். முறையான மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகி, விருதுநகர்

பதில்: அடுப்பு சிலிண்டரா தீர்ந்துபோக? குழாய்க்குள்ளேயே சுற்றிவருவதம்மா அது. குறைந்தால் எங்கோ கசிவு. அடைக்காமல் நிரப்புகிறவர் அடுத்த வருஷமும் வரத்தானே செய்வார்! தொழில் பழகிய நாளில் நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான்.

ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு 2 வருஷப் படிப்பு. சான்றிதழைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அதைவிட, அவர் கையைக் கவனியுங்கள். குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டில் சோப்பு நுரை தடவி, கொப்புளம் கிளம்புகிறதா என்று பார்க்கிறாரா? கேஸ் ஏற்றுமுன், குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேக்குவம் பம்பு போடுகிறாரா? இப்போதைய மெஷின்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ் தீப்பிடிக்கக்கூடியது. கேஸ் உள்ளே இருக்கும்போதே குழாயில் நெருப்பு வைக்கிறவரை அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள்.