பக்கத்து வீட்டு ஆஸ்பிரின் வேண்டாம்

கேள்வி: தேசிய சேவை முடித்துவிட்டுப் படிக்கும் என் மகனுக்கு வயது 24. விதைப்பையில் வந்த புற்றுநோய் வயிற்று நிணநீர்க் கட்டிகளுக்கும் பரவிவிட்டது. அடுத்த வாரம் கீமோ. அதனால் ரத்தம் உறைந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். அவர் கணவரின் ஆஸ்பிரினைக் கொடுக்கலாமா? – ஈசூன் வாசகி

பதில்: கொடுத்துவிடாதீர்கள் அம்மா. அக்கா சொன்னது உண்மைதான், மாத்திரை யோசனைதான் தவறு. கீமோவில், ரத்தக் கசிவை நிறுத்தும் தட்டணுக்கள் குறையும். ஆஸ்பிரின் மிச்சமிருப்பதையும் வேலை செய்ய விடாது. ரத்தம் கசிந்தால் யார் பொறுப்பு?

இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் புளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்த்து, 21 நாளுக்கு ஒரு சுற்றாக 3 அல்லது 4 சுற்று கொடுப்பார்கள். சிஸ்பிளாட்டின் ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும். வயிற்றுக் கட்டி பெரிதாக இருந்தால் பக்கத்தில் ஓடும் பெரிய சிரையை அழுத்தி, காலிலிருந்து ரத்தம் ஏறுவதை மந்தமாக்கும். மருந்து ஏற்றக் கையிலோ மார்பிலோ நீண்ட குழாய் வைத்தால் அதைச் சுற்றியும் உறையலாம்.

அதற்காக எல்லாருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுப்பதில்லை. கட்டி எவ்வளவு பெரிது, மூளைக்குப் பரவியிருக்கிறதா, ரத்தம் கசியும் வகைக் கட்டியா, தட்டணுக்கள் எத்தனை என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவு. "என் மகனுக்குத் தடுப்பு மருந்து வேண்டுமா, வேண்டாமென்றால் ஏன்?" என்று முதல் சுற்றுக்கு முன்பே கேளுங்கள். தேவையென்றால் பெரும்பாலும் தினம் ஒருமுறை வயிற்றுத் தோலடியில் ஹெப்பரின் வகை ஊசி. சிலருக்கு மாத்திரை. அந்த ஊசி மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. முஸ்லிம் குடும்பமோ சைவமோ என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

நான் தாதியாக இருந்த காலத்தில் ஒரு பையன் இடது கெண்டைக்கால் வீங்கியதைக் காற்பந்து அடி என்று மூன்று நாள் மறைத்துவிட்டான். அம்மா கவலைப்படுவாராம்! இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான், வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் நீங்களே தினமும் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குழாய் வைத்த பக்கத்துக் கையையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வீக்கம், வலி, சூடு என்றால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் வந்தால் இரவு இரண்டு மணியானாலும் ஆம்புலன்சுக்கு 995. டாக்சிக்குக் காத்திருக்க வேண்டாம்.