தம்ஸ் அப் போட்டா கேட்டதா ஆயிடுமா?

கேள்வி: எனக்கு 39 வயசு, கோயமுத்தூர்ல ஐடி வேலை. கல்யாணமாகி 11 வருஷம், ஒரு பொண்ணு. எங்கம்மா இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆனதுல இருந்து எங்களோடதான் இருக்காங்க. போன மாசம் ரசத்துல உப்பு இல்லைன்னு அம்மா சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்கு என் மனைவி பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஈரோட்டுக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. டைட்டானிக் பனிப்பாறைல மோதின மாதிரி எதிர்பாராத இடி. பனிப்பாறைக்கு பத்துல ஒம்பது பங்கு தண்ணிக்கடியிலதான்னு சொல்வாங்களே, அடியில இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? முன்னாடியெல்லாம் நீளநீளமா வாய்ஸ் நோட் அனுப்புவா, ஆபீஸ்ல கேக்க முடியாது, தம்ஸ் அப் போட்டுடுவேன். கொஞ்ச மாசமா அதுவும் இல்லை, சரியாயிட்டான்னு நினைச்சேன். எங்கப்பாவும் இப்படித்தான் இருந்தார், எங்கம்மா ஒண்ணும் போயிடலையே. அவளா வரட்டும்னு அக்கா சொல்றாங்க. என்ன பண்றது?

பதில்: தம்பி, டைட்டானிக்கை இழுத்தது நீங்க, அதனால அங்கயே ஆரம்பிக்கறேன். அந்தக் கப்பல் ஒண்ணும் தெரியாத்தனமா போய் மோதலை. 1912 ஏப்ரல் 14, ஞாயித்துக்கிழமை, காலைல இருந்தே மத்த கப்பல்லாம் இந்தப் பக்கம் ஐஸ் கிடக்குன்னு வயர்லெஸ்ல சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. பால்டிக்னு ஒரு கப்பல் அனுப்பின தகவலை கேப்டன் ஸ்மித், கூட பயணம் பண்ண கம்பெனித் தலைவர் இஸ்மே கையில குடுத்தார், அவர் பாத்துட்டு பாக்கெட்ல போட்டுக்கிட்டார், சாயங்காலம் கேப்டன் திருப்பிக் கேக்கற வரைக்கும் அது பாக்கெட்லயே கிடந்துச்சு. ராத்திரி 9:40 வாக்குல மெசாபான்னு இன்னொரு கப்பல் அனுப்பினது, கப்பல் ஓட்டறவங்க கைக்குப் போய்ச் சேரவே இல்லை, ஏன்னா வயர்லெஸ் ரூம்ல பயணிங்களோட சொந்தத் தந்திங்க குவிஞ்சு கிடந்துச்சு, அதை அனுப்பறதுதான் அப்ப அவசரமாப் பட்டுச்சு.

இதுல எதிர்பாராததுன்னு எதைச் சொல்றீங்க? இஸ்மே பாக்கெட்ல போட்டதுக்கும் நீங்க தம்ஸ் அப் போட்டதுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே சொல்லுங்க. ஒருத்தங்க மூச்சைப் பிடிச்சு அஞ்சு நிமிஷம் பேசி அனுப்பறாங்க, நீங்க கேக்காமலே கட்டைவிரலைக் காட்டிட்டு மீட்டிங் போறீங்க. சும்மா விட்டிருந்தாக்கூட இன்னும் பாக்கலை போலன்னு அவங்க நினைச்சிருப்பாங்க, தம்ஸ் அப் போட்டதால கேட்டுட்டும் இந்த மனுஷன் ஒண்ணும் பண்ணலைன்னுதானே ஆச்சு? இது எனக்கு பொய் சொன்ன மாதிரிதான் படுது.

ஆனா உங்க லெட்டர்ல எனக்குத் திக்குன்னு ஆனது அதுகூட இல்லை. "கொஞ்ச மாசமா அதுவும் இல்லை, சரியாயிட்டான்னு நினைச்சேன்" அப்படின்னு போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிதான். அதே ராத்திரி 11 மணி வாக்குல கலிபோர்னியன்னு ஒரு கப்பல், நாங்க ஐஸுக்கு நடுவுல நின்னுட்டோம்னு சொல்ல வந்துச்சு. டைட்டானிக் ஆபரேட்டர் பிலிப்ஸ் என்ன பதில் அடிச்சார் தெரியுமா, வாயை மூடு, நான் வேலையா இருக்கேன்னு. (அவரைத் திட்ட எனக்கு மனசு வரலை, கப்பல் மூழ்கற நேரத்துல கடைசி வரைக்கும் உதவி கேட்டு சிக்னல் அடிச்சுக்கிட்டே இருந்து செத்துப்போனவர்.) கலிபோர்னியன்ல வயர்லெஸ் பாத்துக்கிட்டு இருந்த பையன் எவன்ஸ் கொஞ்ச நேரம் பாத்தார், அப்புறம் வயர்லெஸ் செட்டை ஆஃப் பண்ணிட்டுப் படுத்துட்டார். 11:40க்கு மோதல். இவங்க உதவின்னு கத்தினப்போ, கடைசியில வந்து காப்பாத்தின கார்பேதியாவை விட ரொம்பக் கிட்ட இருந்த அந்தக் கப்பல்ல காது குடுக்க ஆளில்லை, கிட்டத்தட்ட 1500 பேர் போனாங்க. உங்க மனைவி வாய்ஸ் நோட் அனுப்பறதை நிறுத்தின அன்னிக்கு செட்டை ஆஃப் பண்ணிட்டாங்க தம்பி. நீங்க அதை சமாதானம்னு கணக்குல எழுதிக்கிட்டீங்க.

அன்னிக்குக் கடலும் அப்படித்தான் இருந்துச்சு, அலையே இல்லை, நிலாவும் இல்லை. அலை இருந்தா பனிப்பாறை அடியில வந்து மோதி வெள்ளையா நுரை தெரியும், காவலுக்கு நிக்கறவன் தூரத்துலயே பாத்துடுவான். சலனமே இல்லாத தண்ணியில ஒண்ணும் தெரியலை, கப்பலும் 22 நாட், அதாவது மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துல போய்க்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு சாட்டிலைட்டும் ரேடாரும் வந்தாச்சு, அப்பவும் தண்ணிக்கு மேல ஒரு மீட்டர்கூடத் தெரியாத சின்ன ஐஸ் கட்டிங்க அலைக்கு நடுவுல ரேடாருக்கு டிமிக்கி குடுத்துடுது, அதனால கண்ணால பாக்க ஆள் நிறுத்தறதை யாரும் விடலை. உங்க வீட்டுல யார் நின்னு பாத்தாங்க?

அடுத்தது உப்பு. ஒரே ஒரு வார்த்தைன்னு சொல்றீங்க. டைட்டானிக் பக்கவாட்டுல பெரிசா கிழிஞ்சுதான் மூழ்குச்சுன்னு நிறையப் பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அதைக் கட்டின கம்பெனியோட இன்ஜினியர் 1912 விசாரணையில போட்ட கணக்கு, மொத்த ஓட்டையும் சேத்தா சுமார் 12 சதுர அடி. உங்க வீட்டு வாசக்கதவு அளவுகூட வராது. அது நீளத்துக்கு அங்கங்க தையல் விட்ட மாதிரி விட்டு, அடியில தடுப்பு வெச்சுப் பிரிச்ச அறைங்கள்ல நாலு நிறைஞ்சாலும் மிதக்கும்னு கட்டின கப்பல்ல அதுக்கு மேலயும் தண்ணி ஏறிடுச்சு. உப்பு எத்தனாவது அறைன்னு எனக்குத் தெரியாது, அந்த வாய்ஸ் நோட்ல இருக்கும்.

இப்ப உங்கப்பா கதைக்கு வரேன், இதுலதான் எனக்குக் கோவமே. விசாரணை நடத்தின லார்ட் மெர்சி, கேப்டன் ஸ்மித்தை அலட்சியம்னு குத்தம் சொல்லலை. வானம் தெளிவா இருந்தா வேகத்தைக் குறைக்காம போறது அன்னிக்கு எல்லா கேப்டனும் பண்ணதுதான், அதனால அது தப்புக்கணக்குன்னு விட்டார். ஆனா கூடவே சொன்னார், இனிமே எவனாச்சும் இதையே பண்ணா அது அலட்சியம்தான்னு. 1914ல லண்டன்ல நாடுங்கள்லாம் கூடிப் போட்ட ஒப்பந்தத்துலயும், ஐஸ் இருக்குன்னு தகவல் வந்தா ராத்திரியில மெதுவாப் போ, இல்லை பாதையை மாத்துன்னு எழுதி வெச்சாங்க. உங்கப்பா காலத்துல எல்லாரும் அப்படி இருந்தாங்க, உங்கம்மாவும் எங்கயும் போகலை, போக அவங்களுக்கு ஒரு இடம் இருந்துச்சான்னு என்னிக்காச்சும் கேட்டீங்களா? அதையே நீங்க பண்ணா எந்த சமாதானமும் எடுபடாது.

அம்மாவைப் பாத்துக்கறது உங்க கடமை. உங்க மனைவியோடது இல்லை. அவங்க இத்தனை நாள் செஞ்சது பாசத்துல, இல்லைன்னா வேற வழியில்லாம, எதுவா இருந்தாலும் அது உங்க வேலையை அவங்க செஞ்சது. பாத்ரூமுக்குக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது, பிசியோவுக்கு அழைச்சுட்டுப் போறது, ராத்திரி எழுந்து பாக்கறது, இதுல நீங்க எதைச் செய்யறீங்கன்னு லெட்டர் முழுக்கத் தேடினேன், ஒரு வரி இல்லை. அதுக்காக அம்மாவைக் கொண்டுபோய் ஹோம்ல விடுன்னு யாராச்சும் ஐடியா குடுத்தா காதுலயே வாங்காதீங்க, பெத்தவங்க வீட்டுலதான் இருக்கணும், பாத்துக்கற கை மட்டும் மாறணும்.

உங்க மனைவி வீட்டை விட்டுப் போனதும் எனக்குப் பிடிக்கலை, உக்காந்து சண்டை போட்டிருக்கணும்ங்கறதுதான் என் கட்சி. ஆனா போட்டாங்களே, அத்தனையும் உங்க போன்லதானே கிடக்கு.

இன்னிக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கிட்டு பழசுல இருந்து வரிசையா எல்லாத்தையும் கேளுங்க, ரெண்டு மடங்கு ஸ்பீடு வெக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் இப்ப பதில் சொல்லுங்க, மன்னிச்சுடுன்னு பொத்தாம்பொதுவா இல்லாம, அவங்க கேட்டது எதுவோ அதுக்கு. வேலைக்கு லீவு போட்டு ஒரு வாரம் அம்மாவை நீங்களே பாருங்க, மருந்து டைம்ல இருந்து டயாபர் வரைக்கும், அதுக்கப்புறம் ஈரோட்டுக்குப் போங்க. பெரியப்பா மாமான்னு பஞ்சாயத்து கோஷ்டியைக் கூட்டிட்டுப் போகாதீங்க, தனியாப் போங்க, பொண்ணைக் காரணம் காட்டி வான்னு கூப்பிடாதீங்க. அன்னிக்கு அம்மாவை யார் பாத்துக்கறதுன்னு கேப்பீங்க, அவளா வரட்டும்னு சொன்ன அக்கா இருக்காங்களே, வந்து ரெண்டு நாள் தங்கட்டும், அவங்களும் பெத்த பொண்ணுதானே.