பிரஷர் குறைய என்ன செய்யலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிளினிக்கில் 150/94 காட்டுகிறது, வீட்டு மெஷினில் 128/80. எதை நம்புவது?

சரியாக அளந்திருந்தால் வீட்டு அளவை. டாக்டரைப் பார்த்ததுமே பிரஷர் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் வீட்டில் அளக்கும்போது தவறு நேர இடம் அதிகம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். காபி, டீ, சிகரெட் முடிந்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மெஷினின் பட்டையை வெறும் தோலில், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே சுற்றி, கையை மேசையில் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். கையைத் தொங்கவிட்டாலும், கால்மேல் கால் போட்டாலும் அளவு கூடும். பருமனான கைக்குச் சிறிய பட்டை சுற்றினாலும் இல்லாத பிரஷரைக் காட்டும்.

காலையில் மாத்திரைக்கு முன்பு, பிறகு இரவில், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, 7 நாள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரி பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் அது ரத்தக் கொதிப்பு. எழுதிய தாளை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்துப்புக்கு மாறிவிட்டேன். பிரஷர் இறங்கவே இல்லையே?

இறங்காது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கல் உப்பும் அப்படியே. நிறம் மாறினால் சோடியம் குறையாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஓர் ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. உங்கள் வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டுகிறீர்கள், ஹோட்டல் சாப்பாடும் கடை மிக்சரும் போக.

சாம்பாரில் கொஞ்சம் குறைத்துவிட்டு, மோர்சோற்றுக்கு ஊறுகாயும் மோர்மிளகாயும் தொட்டுக்கொண்டால் குறைத்தது திரும்பி வந்துவிடும். கருவாடு, அப்பளம் (உப்போடு அப்பளக்காரமும் சோடியம்தான்), சாதத்துக்குப் போடும் உப்பு, தயிரில் கலக்கும் உப்பு என்று வரிசையாகப் பாருங்கள். பலர் கவனிக்காத இன்னொன்று, வயிறு உப்புசத்துக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் நுரைக்கும் பொடி. ஒரு பொட்டலத்திலேயே சுமார் 800 மில்லிகிராம் சோடியம் இருக்கும். நாள் முழுவதற்கும் மொத்தச் சோடியம் 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்!

முதலில் சாதத்திலும் தயிரிலும் உப்பை நிறுத்துங்கள். குழம்பில் ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து, அந்த இடத்தில் எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு கூட்டுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிரஷரில் வித்தியாசம் தெரியவும் ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, நல்லதா?

பெரும்பாலானவர்களுக்கு நல்லது. சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்த உப்பு அது. சீனாவில் 600 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு 2021-ல் வெளியானது. 25% பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14% குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் தாங்களாகவே வாங்கிவிடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் சோதித்து, டாக்டர் சரி என்ற பிறகு மாறுங்கள்.

தினமும் நடக்கிறேன். வேறென்ன செய்யலாம்?

வாரம் 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் அதுவே நல்ல மருந்து. அதோடு சுவர் உட்காரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகைச் சுவரில் பதித்து, பாதங்களை இரண்டடி முன்னே வைத்து, தொடை நடுங்காமல் நிற்க முடிகிற அளவுக்கு மட்டும் சறுக்கி இறங்குங்கள். 2 நிமிடம் அப்படியே நின்று, 2 நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு முறை, வாரம் மூன்று நாள். ஆரம்பத்தில் 30 விநாடி நின்றாலே போதும். பலரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது பிரஷர் சட்டென்று எகிறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே நின்றால் மூச்சு தானாக ஓடும். மேல் அளவு 180-ஐத் தாண்டுபவர்கள், இதய நோயாளிகள், முட்டி தேய்ந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

எடை கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் பிரஷர் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும்.

இருமலுக்கு அதிமதுரம், மூட்டுவலிக்கு மாத்திரை. பிரஷருக்கு ஆகுமா?

இரண்டும் ஆகாது. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடலில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றுவதோடு, பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளிலும் இந்தத் தொல்லை உண்டு.

மாத்திரையை விட்டு மூலிகைக்கு மாறலாமா?

சர்ப்பகந்தா வேர் பிரஷரைக் குறைக்கும் என்று மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் அதிலிருந்து ரிசர்பின் என்ற மருந்துப் பொருள் பிரிக்கப்பட்டு உலகமெங்கும் மாத்திரையாக வந்தது. அளவு கூடினால் ஆளை மனச்சோர்வில் தள்ளும் என்பதும் பிறகு தெரிந்தது. வேலை செய்கிற மூலிகைக்கும் அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு. பூண்டு ஓரளவு உதவும்; மாத்திரைக்குப் பதிலாகாது.

குளோனிடின், அட்டினோலால் போன்ற பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் முன்பைவிட வேகமாக ஏறும். உப்பும் எடையும் குறைந்து, வீட்டு அளவு சில மாதம் நன்றாக இருந்தால் டாக்டரே டோஸைக் குறைப்பார். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள்.

அம்மாவுக்கு 74 வயது. பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் கட்டிலிலிருந்து எழுந்தால் தலைசுற்றல்.

5 நிமிடம் படுக்கவைத்து அளந்து, நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளந்து பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதைக் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவோ நேரமோ மாற வேண்டியிருக்கும். அதுவரை எழுந்ததும் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை ஆட்டிவிட்டு நிற்கட்டும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.