வருஷத்தைக் கேட்காதீங்க, ஹமாமைக் கேளுங்க

பெங்களூர் சிவாஜிநகர்ல ஒரு மூத்த திருநங்கையோட கதையைப் பதிவு பண்ணப் போனா, போனை வெளியே எடுத்ததும் "எதுவும் ஞாபகம் இல்லப்பா"ன்னு முடிச்சிடறாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஞாபகம் இல்லாம இல்லை. எந்த வருஷம், எந்தத் தேதின்னு கேட்டிருப்பீங்க. அது போலீஸ் ஸ்டேஷன் கேள்வி, அவங்க நிறைய கேட்டாச்சு.

பெங்களூர்த் தமிழருக்குக் காலண்டரே வேற. "91 காவிரிக் கலவரத்தப்போ எங்க இருந்தீங்கம்மா?", "ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினப்போ ஹமாம் நடந்துச்சா?"ன்னு கேளுங்க. கடத்தினது 2000ல, அதனால வருஷம் தானா வந்துடும். ஹமாம்னா சோப்பு இல்லை, திருநங்கைங்க நடத்தின வென்னீர்க் குளியல் கூடம். நான் ஒரு அம்மாகிட்ட இப்படிக் கேட்டதும் வென்னீர் அண்டா, விறகுப் புகை, வாசல்ல யார் உட்காருவாங்க, குருவுக்கு, அதாவது அவங்க குடும்பத்துத் தலைவி மாதிரி இருக்கிற மூத்த திருநங்கைக்கு, எவ்வளவு பங்குன்னு முக்கால் மணி நேரம் பேசினாங்க. பாதியைக் குக்கர் விசில் தின்னுடுச்சு. சமையல் நேரத்துல போகாதீங்க. கூவாகத்துல எடுத்த போட்டோ இருந்தா அதை வச்சே ஆரம்பிக்கலாம்.

அனுமதியைக் குரல்லயும் வாங்குங்க: பேர் வரலாமா, முகம் வரலாமா, எது அவங்க காலத்துக்கு அப்புறம்தான் வெளிய வரணும். பெரிய சிக்கல் அவங்க சொல்ற மத்தவங்க பேருதான். ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கின 377-வது சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்தினதே 2018லதான். அதுக்கு முன்னாடி கதையில வர்ற 'ஃப்ரெண்டு' இன்னைக்கு யாருக்கோ தாத்தா. மாத்துப் பேரை அம்மாவையே வைக்கச் சொல்லுங்க. சினிமா ஹீரோ பேரா வைப்பாங்க, பரவாயில்லை.

பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியில இருக்கிற, பால்புதுமையினர் வரலாற்றைச் சேர்த்து வைக்கிற கம்ரா (QAMRA) ஆவணக் காப்பகத்துல கொடுக்கலாமான்னும் கேளுங்க. முதல் காப்பி அம்மாவுக்கு.