மாற்றுத்திறனாளி மாணவர் கல்லூரியில் சேரும்போது: கேள்வி பதில்

கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவள் நான். சேர்க்கை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டுமா? சொன்னால் இடம் தர மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது நியாயம்தான் தம்பி. நுழைவுத் தேர்வில் கூடுதல் நேரமோ, இட ஒதுக்கீடோ வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். இரண்டும் தேவையில்லை, படிவமும் கட்டாயமாகக் கேட்கவில்லை என்றால், இடம் உறுதியான பிறகு சொல்லலாம். ஆனால் வகுப்பு தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிறகு போய்ச் சொன்னால், முடிந்த தேர்வை பொதுவாக யாரும் திருப்பி நடத்த மாட்டார்கள். விவரமெல்லாம் உதவிப் பிரிவுக்குத் தெரிந்தால் போதும். உங்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு என்பதற்கு மேல் ஆசிரியருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: என் மகளுக்குக் காது சரியாகக் கேட்காது. பள்ளியில் எல்லாவற்றையும் நான்தான் போய்ப் பேசுவேன். கல்லூரியிலும் அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடப் போங்கள், ஆனால் பேசுவது அவளாக இருக்கட்டும் அம்மா. பள்ளியில் ஆசிரியர்களே கவனித்துச் செய்திருப்பார்கள். கல்லூரியில் மாணவர் கேட்டால்தான் எதுவும் நடக்கும். பதினெட்டு வயது ஆகிவிட்டால், அவள் சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம் பேச மறுக்கும் கல்லூரிகளும் உண்டு. வீட்டிலேயே பேசிப் பழக்குங்கள். “எனக்குக் காது கேட்காது” என்று மட்டும் சொன்னால், எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. “ஆசிரியர் பலகையைப் பார்த்துப் பேசினால் எனக்கு உதட்டசைவு தெரியாது. முன்வரிசையில் இடமும், பேசுவது எழுத்தாகத் திரையில் வரும் வசதியும் வேண்டும்” என்றால் வேலை நடக்கும். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கால அட்டவணை வந்த அன்றே கேளுங்கள். அவர்கள் கடைசி நேரத்தில் கிடைக்க மாட்டார்கள்.

கேள்வி: சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கல்லூரி இணையதளத்தில் “சாய்வுதளம் உண்டு” என்று போட்டிருக்கிறது. நம்பிச் சேரலாமா?

பதில்: நேரில் பார்க்காமல் சேராதீர்கள். வகுப்பு நடக்கும் நாளில், அதுவும் ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு எல்லோரும் கிளம்பும் நேரத்தில் போய்ப் பாருங்கள். நெரிசலில் லிஃப்டில் இடம் கிடைக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். சாய்வுதளம் ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தனியாக ஏறுவது சிரமம், இறங்குவது ஆபத்து. நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள இடம் தேவை. கழிவறையைக் கட்டாயம் திறந்து பாருங்கள். பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பழைய சாமான்களைப் போட்டு வைக்கும் அறையாக அதை மாற்றியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன், இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆய்வகத்தில் மேசை உயரத்தையும் பாருங்கள். அப்புறம் இரண்டு கேள்விகள்: லிஃப்ட் பழுதானால் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவீர்களா? தீ விபத்து என்றால் மாடியிலிருந்து என்னை எப்படி இறக்குவீர்கள்?

கேள்வி: பார்வையில்லாதவன். கணிதம் படிக்க ஆசை. முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். சிக்கல் பாடப் பொருள் வரும் வடிவத்தில்தான். பக்கத்தைப் படம்பிடித்துப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் ஸ்கிரீன் ரீடருக்கு (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு) அது வெறும் படம். சமன்பாடுகளைப் படமாக இல்லாமல் எழுத்துக் குறியீடுகளாகத் தரும் லேட்டெக்ஸ் அல்லது மேத்எம்எல் வடிவில் கேளுங்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், இப்போதே பழகுங்கள். புத்தகப் பட்டியலை வகுப்புத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள், மாற்றித் தர நாளாகும். 2013ல் உருவான மராகேஷ் ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளில், பதிப்புரிமையாளரைக் கேட்காமலே பார்வையற்றோருக்கான பிரதி தயாரிக்க வழி உண்டு.

கேள்வி: வலிப்பு நோயும் மாற்றுத்திறன் வகையில் சேருமா?

பதில்: பல நாடுகளில் சேரும். வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் உதவி கேட்கலாம். பாடங்களைக் குறைத்து எடுப்பதாக இருந்தால், உதவித்தொகை நின்றுவிடாதா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: வசதிகள் பற்றிக் கல்லூரியில் கேட்டால், “முதலில் சேருங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள்.

பதில்: அந்த வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்னாரிடம் பேசினேன், இன்னின்ன ஏற்பாடு கேட்டேன், எந்தத் தேதிக்குள் தயாராகும்? மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். 2006ல் ஐநா ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு உயர்கல்வியையும் சேர்த்தே பேசுகிறது. அதை ஏற்ற நாடுகளுக்கு, தேவையான ஏற்பாடுகள் கிடைக்கச் செய்வது கடமை. இது நம் உரிமை, யாரும் நமக்குத் தரும் சலுகை அல்ல.

கேள்வி: சிறுவயதில் எடுத்த சான்றிதழ் போதுமா?

பதில்: கற்றல் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் புதிய மதிப்பீடு கேட்பார்கள். பள்ளியின் கடைசி ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள். நோயின் பெயரோடு, அதனால் வாசிக்க, எழுத, உட்கார என்ன சிரமம் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.